மயக்க மருந்தும் மனக் கலக்கமும்



நம்மவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். வலி தெரியாதிருக்கவும் அமைதியாக உறங்கவும் ஊசி மருந்து ஏற்றியிருக்கிறார்கள். உறங்க வேண்டியவர் உறங்கவில்லை. எழுந்து உட்காருகிறார், கையிலுள்ள குழாயைப் பிடுங்குகிறார், பெற்ற மகனையே ‘நீ யார்’ என்று கேட்கிறார், இல்லாத ஆட்களைச் சுவரில் காண்கிறார். இக்காட்சியைக் கண்டு நடுங்கும் குடும்பத்தார் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லுகிறார்கள். ‘அந்த ஊசி மூளையைக் கலக்கிவிட்டது, இனி வேண்டவே வேண்டாம்’ என்பது ஒன்று. ‘இன்னும் ஓர் ஊசி போட்டு எப்படியாவது உறங்க வையுங்கள்’ என்பது மற்றொன்று. முன்னதால் நோயாளி வீணே வலியில் துடிக்க நேரும். பின்னதால் சில சமயம் உயிரே போய்விடும். இம்மாதம் இப்பகுதிக்கு இதனையே பொருளாக எடுத்துக்கொண்டேன். நான் வைத்தியன் அல்லேன், ரயில்வே குமாஸ்தா. டாக்டர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் தெளிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் சொற்குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வது நலம். தமிழில் ‘மயக்க மருந்து’ என்றால் அறுவைச் சிகிச்சைக்கு முன் கொடுக்கப்படுவது. மலையாளத்தில் ‘மயக்குமருந்நு’ என்றால் போதைப்பொருள். நெய்யாற்றின்கரை பேருந்து நிலையத்திலோ பள்ளிக்கூடச் சுவரிலோ ‘மயக்குமருந்நு’க்கு எதிரான விளம்பரத்தை நாள்தோறும் பார்த்துச் செல்லும் நம் பெண்டிர், ஆஸ்பத்திரியில் அதே ஒலியுள்ள சொல்லைக் கேட்டால் திடுக்கிடாமல் என்ன செய்வார்கள்? ‘வலி’ என்னும் சொல் இதனினும் விபரீதமானது. நமக்கு வலி என்றால் நோவு. மலையாளத்தில் நோவுக்கு ‘வேதன’ என்பதே வழக்கு. ‘வலி’ என்றால் இழுத்தல், ‘வலிவு’ என்றால் மூச்சிழுப்பு. ‘வேதனயுண்டோ’ என்று செவிலிப் பெண் கேட்டால், நம் பாட்டி ஏதோ மனத்துயரைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்றெண்ணி, ‘எனக்கென்னம்மா வேதனை, பிள்ளைகள் நன்றாகப் பார்க்கிறார்கள்’ என்று விடை சொல்லிவிடுவாள். பாறசாலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இரண்டு மொழியும் கைவந்தவை. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து வந்து குடியேறிய முதியவர்களுக்கும், வட மலபாரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் செவிலியருக்கும் அவ்வசதி இல்லை.

இனி மருந்துக்கு வருவோம். அபினியிலிருந்து பிறந்தவையும், அதன் மாதிரியில் செயற்கையாகச் செய்யப்பட்டவையும் ஒரு குலம். மார்பின், பெத்திடின், ஃபென்டனில், ட்ராமடால், பென்டசோசின் ஆகியவை அக்குலத்தைச் சேர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் அபினியிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்து, கிரேக்கர்களின் கனவுத் தெய்வமாகிய மார்ஃபியஸின் பெயரை அதற்கு இட்டார். பெயர் பொருத்தமாயிருந்தாலும், அதனால் ஒரு தப்பெண்ணமும் இரண்டு நூற்றாண்டுகளாக நிலைத்துவிட்டது. மார்பின் உறக்க மருந்தன்று, வலி மருந்து. தூக்கக் கலக்கம் அதன் பக்கவிளைவு, அவ்வளவே. ஃபென்டனில் 1960-ஆம் ஆண்டு வாக்கில் பெல்ஜிய நாட்டுப் பால் ஜான்சன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. எடைக்கு எடை மார்பினைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வலிமையுடையது. ஆதலால் மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மைக்ரோகிராமில் அளந்து கொடுக்கிறார்கள்.

வயிற்றினுள் குழாய் விட்டுப் பார்க்கும்போதும், எலும்பைப் பொருத்தும்போதும், செயற்கைச் சுவாசப் பொறியில் நோயாளியை வைத்திருக்கும்போதும் இம்மருந்தோடு மற்றொன்றையும் சேர்க்கிறார்கள். மிடாசோலம், ப்ரோபோஃபால் முதலியவை அவ்வாறு சேர்க்கப்படுபவை. ஒன்று வலியை அடக்கும், மற்றொன்று அறிவை மங்கச் செய்யும். இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொன்றின் அளவும் குறைவாகவே போதும். ஆயின் மூச்சை மந்தப்படுத்துவதில் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். இந்த ஏற்பாட்டிற்கு நடுவில்தான் சிலர் திமிறத் தொடங்குகிறார்கள்.

ஏன் திமிறுகிறார்கள் என்ற கேள்விக்கு விடை ஒன்றன்று. அதனால்தான் ஒரே மருந்தை எல்லாருக்கும் ஏற்றி இதனைத் தீர்க்க முடியாது. என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் தந்தைக்கு நேர்ந்ததைச் சொல்லுகிறேன். அவர் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டு விவசாயி. மகனோடு இருக்க வந்தவர். முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஓர் ஆஸ்பத்திரியில் அறுவை நடந்தது. இரண்டு நாள் வலி ஊசியோடு அமைதியாகவே இருந்தார். மூன்றாம் நாள் பிற்பகல் சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள். அன்றிரவு பத்து மணிக்குமேல் பெரியவர் கட்டிலை விட்டு இறங்க முயன்றார். ‘வலி, வலி’ என்று கூவினார். இரவுப் பணியிலிருந்த இளம் செவிலி, மூச்சிழுப்பு என்று எண்ணிப் பிராணவாயு முகமூடியைக் கொண்டுவந்து வைத்தாள். பெரியவர் அதைப் பிடுங்கி எறிந்தார். ‘என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்’ என்று அலறினார். இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். கட்டக் கட்டத் திமிறல் கூடியது. நண்பர் அழுதுகொண்டே, உறங்குவதற்கு ஏதாவது போடும்படி கெஞ்சினார். நல்ல வேளையாக, வந்த டாக்டர் ஊசியை எடுக்குமுன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பானைபோல் புடைத்திருந்தது. மீண்டும் குழாய் செலுத்தியதும் ஒரு செம்புக்குமேல் சிறுநீர் இறங்கிற்று. கால் மணி நேரத்தில் பெரியவர் கண்ணயர்ந்தார். உறக்க ஊசி ஒன்றும் போடப்படவில்லை.

அபினி வகை மருந்துகள் சிறுநீர்ப்பையின் உந்துசக்தியைத் தளர்த்திவிடும், மலச்சிக்கலையும் உண்டாக்கும். பையோ குடலோ நிறைந்து முட்டும்போது, மருந்தினால் பாதி மங்கிய அறிவுக்கு அஃது இன்னதென்று விளங்குவதில்லை; ஏதோ கேடு நேர்கிறது என்ற பயமே எஞ்சுகிறது. வலி ஊசி வாங்கும் முதியவர் திடீரென்று அமைதியிழந்தால், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று நாமே கேட்கலாம். அதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை.

இதனினும் அவசரமானது பிராணவாயுக் குறைவு. காரக்கோணத்திலுள்ள மருத்துவக் கல்லூரிக்குச் சோமர்வெல் என்ற பெயர் இருப்பதை அறிவீர்கள். அவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல்லாண்டு அறுவை வைத்தியம் செய்த துரை. 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் மலையேறச் சென்றவர். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்து மூளைக்குப் பிராணவாயு போதாமற் போனால் என்ன ஆகுமென்று பின்னால் 1933-இல் அதே மலையில் ஏறிய ஃபிராங்க் ஸ்மைத் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். தன்னந்தனியே ஏறிக்கொண்டிருந்த அவர், பக்கத்தில் ஒரு துணைவர் வருவதாக உணர்ந்து, தம்மிடமிருந்த இனிப்பைப் பிட்டு அவருக்குக் கொடுக்கத் திரும்பினாராம். திரும்பிப் பார்த்தால் யாருமில்லை! மலையுச்சியில் மெல்லிய காற்று செய்த வேலையை, சமவெளி ஆஸ்பத்திரியில் மந்தமான மூச்சு செய்துவிடும். அபினி வகை மருந்து மூச்சின் வேகத்தைக் குறைக்கிறது, பிராணவாயு குறைகிறது, கரியமிலவாயு தேங்குகிறது, நோயாளி குழம்பித் திமிறுகிறார். அவ்வேளையில் ‘இன்னும் ஓர் ஊசி’ என்று கேட்பது, சிவப்புக் கைகாட்டி தடுத்து நிற்கும்போது வண்டியை விடச் சொல்வதற்கு ஒப்பாகும். விரல் நுனியில் கவ்வி மாட்டும் சிறு கருவி பிராணவாயுவின் அளவைக் காட்டும். ஆனால் கரியமிலவாயுவை அது காட்டாது. மூக்கில் பிராணவாயு வைத்திருந்தால் எண் நன்றாயிருந்தும் மூச்சு மந்தமாயிருக்கலாம். ஆகவே நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவதும் இன்றியமையாதது.

மருந்தே உடலில் தேங்கிக் கலக்கம் தருவதும் உண்டு. மார்பின் கல்லீரலில் மாற்றமடைந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேற வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கும், தண்ணீர் இறங்காமல் வறண்டு கிடப்பவருக்கும் அக்கழிவுகள் தேங்கி நரம்புகளைக் கிளறிவிடும். கை கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும், இல்லாதது தெரியும், தொட்டாலே நோகும். பெத்திடினின் கழிவு வலிப்பையும் கொண்டுவரும். இதில் ஒரு கொடுமை என்னவென்றால், தொட்டால் அலறுகிறாரே, வலி மிகுந்துவிட்டது போலும் என்று மருந்தைக் கூட்டினால், கலக்கமும் கூடும். அளவைக் குறைப்பது, அக்குலத்திலேயே வேறொரு மருந்துக்கு மாற்றுவது, நீர் ஏற்றுவது ஆகியவையே டாக்டர்கள் கையாளும் வழிகள். அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டு என்ற செய்தி வீட்டிலுள்ள பழைய சீட்டில் மட்டும் இருந்து பயனில்லை.

மருந்து திடீரென்று நின்றாலும் இதே கோலம்தான். செயற்கைச் சுவாசத்தில் ஒரு வாரம் பத்து நாள் ஃபென்டனில் ஏறிக்கொண்டிருந்தவருக்கு அதனைச் சட்டென்று நிறுத்தினால் வியர்வை, கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றோட்டம், மயிர்க்கூச்சு, பதற்றம் எல்லாம் வரும். படிப்படியாகக் குறைத்தால் வராது. இதைப் பார்த்து ‘அவருக்குப் போதை பழகிவிட்டது’ என்று சொல்வது அநியாயம். உடல் பழகுவது வேறு; மனம் அடிமைப்படுவது வேறு. மூச்சு நின்றுவிடும் நிலையில் டாக்டர்கள் கொடுக்கும் நலாக்சோன் என்ற மாற்று மருந்து, அபினி மருந்தின் செயலை நொடிப்பொழுதில் முறிக்கும். அப்போது அடங்கியிருந்த வலி முழுவதும் ஒரேயடியாகத் திரும்புவதால், எழுபவர் ஆவேசமாகவே எழக்கூடும். பென்டசோசின் என்ற மலிவான ஊசி நம் நாட்டில் மிகுதியாக வழங்குகிறது. சிலருக்கு அது தானே அச்சத்தையும் மாயத் தோற்றங்களையும் தரும். ஏற்கெனவே மார்பின் மாத்திரை உண்பவருக்கு அதைப் போட்டால் மார்பினை நிறுத்தியது போன்ற அவஸ்தை உண்டாகும். மாத்திரையோ தோலில் ஒட்டும் வில்லையோ வழக்கத்தில் இருந்தால், போகுமிடத்தில் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும்.

சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் குடிப்பவர் ஆஸ்பத்திரியில் படுத்ததும் குடி நின்றுபோகிறது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நடுக்கமும் பிதற்றலும் தலைகாட்டும். வலி ஊசிக்கு இதில் பங்கே இல்லாதிருக்கலாம். இருந்தும் பழி அதன்மேல் விழும். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் இது எவ்வளவு பரவலானது என்பது மாலை நேரத்தில் ரயில் நிலையத்தில் நிற்கும் எனக்குத் தெரியும். டாக்டர் கேட்டால் மனைவி தலையைக் குனிந்துகொள்கிறாள். மாமனார் ‘எங்கள் பையனுக்கு அப்பழக்கமே இல்லை’ என்கிறார். குடிப்பழக்கம் தெரிந்தால் டாக்டர் வேறு மருந்தைக் கையாண்டு வலிப்பையும் பிதற்றலையும் முன்கூட்டியே தடுப்பார். மானத்தைக் காக்க வேண்டுமானால் அவரைத் தனியே அழைத்துச் சொல்லலாமே!

இவ்வளவையும் படித்து, அபினி மருந்தே ஆகாது என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். தக்க மருந்து இல்லாமையால் திமிறுபவர்கள் மிகப் பலர். சுவாசக் குழாய் தொண்டையில் இருப்பவரால் நோவு என்று வாய்திறந்து சொல்ல முடியாது. திமிறுவதே அவர் மொழி. 2018-இல் அமெரிக்கத் தீவிரச் சிகிச்சை வைத்தியர் சங்கம் வெளியிட்ட நெறிமுறை, முதலில் வலியைத் தீர்த்துவிட்டுப் பின்னரே உறக்கத்தைப் பற்றி எண்ணும்படியும், உறக்கமும் ஆழமாக இல்லாமல் இலேசாக இருக்கும்படியும் கூறுகிறது. மிடாசோலம் வகை மருந்துகள் மனக் கலக்கத்தை மிகுவிப்பதால் அவற்றைக் கூடியவரை தவிர்க்கச் சொல்லுகிறது. அறுவை முடிந்து எழும் குழந்தைகள் அலறித் துள்ளுவதை, அளவான ஃபென்டனில் குறைக்கிறது என்பதும் கண்டறியப்பட்டதே. ஒரே மருந்து ஓரிடத்தில் கலக்கத்தைத் தடுக்கிறது, வேறோரிடத்தில் கலக்கத்தைத் தருகிறது. நோயாளியின் நிலையை அளக்க ஓர் அளவுகோலும் உண்டு. ரிச்மண்டு நகரத்தார் வகுத்து 2002-இல் வெளியிட்டது. அமைதியாக விழித்திருப்பது பூஜ்யம். அடிக்கத் துணிவது கூட்டல் நான்கு. உலுக்கினாலும் எழாமை கழித்தல் ஐந்து. கூட்டல் பக்கம் போனவரை ஊரே கூடிப் பார்க்கும். குழம்பிய மனத்தோடு பேசாமல் கிடக்கும் கழித்தல் பக்கத்தாரை, ‘நன்றாக உறங்குகிறார்’ என்று விட்டுவிடுகிறோம். அவர்களும் மனக் கலக்கத்தில் இருக்கக்கூடும் என்கிறார்கள் டாக்டர்கள்.

புற்றுநோய் கண்டவர் வீட்டில் இக்கேள்வி வேறு முகம் காட்டும். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசாங்க அனுமதியோடு அபினிச் செடி பயிராகிறது. அங்ஙனம் இருந்தும், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் நாட்டு நோயாளிகளுக்கு மார்பின் எட்டாக்கனியாயிற்று. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நோவு தணிக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். ராஜகோபால் பின்னர் 2003-இல் திருவனந்தபுரத்தில் ‘பாலியம் இந்தியா’வை நிறுவினார். கேரள அரசு 2008-இல் இதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. 2014-இல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டு மார்பின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு வழி எளிதாயிற்று. இவ்வளவு பாடுபட்டு வாசலுக்கு வந்த மருந்தை, கடைசி நாட்களில் தாத்தா பிதற்றியதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுவது வருந்தத்தக்கது. அந்திமக் காலத்துக் கலக்கத்துக்கு மார்பினை மேன்மேலும் கூட்டுவதும் முறையன்று. வலிக்கும் மூச்சுத் திணறலுக்குமே மார்பின். கலக்கத்துக்கு ஹாலோபெரிடால் போன்ற வேறு மருந்துகள் உண்டு. கவனிக்கும் செவிலியரிடம் கேட்டால் டாக்டரிடம் தெரிவிப்பார்கள்.

மருந்தில்லாத மருந்தும் ஒன்றுண்டு; அது நம் கையில் இருக்கிறது. கண்ணாடியையும் செவிக் கருவியையும் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறோம். கண்ணும் காதும் மங்கியவருக்கு ஆஸ்பத்திரி அறை ஒரு பேய்க்காடு. பகலில் வெளிச்சமும் இரவில் இருளும் வேண்டும். பழகிய குரல் ஒன்று, ‘ஐயா, நான்தான் பெரியவன் பேசுகிறேன், இது ஆஸ்பத்திரி, இன்று செவ்வாய்க்கிழமை, காலில் அறுவை நடந்திருக்கிறது’ என்று தாய்மொழியில் மெல்லச் சொன்னால் அடங்கும் கலக்கங்கள் பல. கலங்கியவரோடு வாதாடக் கூடாது. ‘சுவரில் யாருமில்லை, பிதற்றாதே’ என்று அதட்டினால் பயம் இரட்டிக்கும். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வெளியார் நுழையத் தடை இருப்பினும், மொழி தெரியாத நோயாளி என்பதை எடுத்துச் சொல்லிச் சிறிது நேரம் அனுமதி கேட்பதில் தவறில்லை.

இது குறித்து நம் சங்கச் செயற்குழுவின் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கமும் நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமுமாகப் பிரிந்தன. நம் மக்கள் நோய் வந்தால் ஒரு நாள் வண்டியேறி ஆசாரிப்பள்ளத்துக்கும் மறுநாள் திருவனந்தபுரத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். பயணச் சீட்டைவிடச் சற்றுப் பெரிதாக, சட்டைப்பையில் வைக்கத்தக்க ஓர் அட்டையை அச்சிட்டு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கலாம். முன்பக்கத்தில் இடப்புறம் தமிழ்ச் சொல், வலப்புறம் அதன் மலையாளம்: வலி, மூச்சுத்திணறல், தாகம், சிறுநீர் முட்டுகிறது, குளிர்கிறது, பயமாயிருக்கிறது, மகனைக் கூப்பிடுங்கள். பின்பக்கத்தில் வீட்டார் எழுதி வைக்க இடம் விட வேண்டும்: சிறுநீரகக் கோளாறு உண்டா, அன்றாடம் உண்ணும் மருந்துகள் யாவை, முன்பு எந்த ஊசி ஒவ்வாமற் போயிற்று, மதுப் பழக்கம் உண்டா, கண்ணாடியும் செவிக் கருவியும் உண்டா, எந்த மொழியில் பேசினால் விளங்கும். கடைசிக் கேள்விக்கு ‘தமிழ்’ என்பதை நாமே மலையாளத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டுவிடலாம். அச்சுச் செலவு அதிகம் ஆகாது. அட்டையில் சேர்க்க வேண்டிய சொற்கள் வேறு எவையேனும் தோன்றினால், குறிப்பாக ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் நம் சகோதரிகள், அடுத்த கூட்டத்துக்கு முன் காரியதரிசிக்கு எழுதி அனுப்பக் கோருகிறேன்.